அக்கா பார்க்காத ஓட்டம்

என் அக்காவுக்கு மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை. விதைக்கென்று வளர்க்கும் மரங்களில் பெண் பூவுக்குப் பை கட்டி, உள்ளே மகரந்தத் தூளை ஊத வேண்டும். இத்தனை வருடம் ஊதியவருக்கு ஒரே ஆசை. வேலையை விடுவதற்குள், அந்தத் தூள் உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் லேசர் நுண்ணோக்கி இயக்குபவன். சொந்தக்காரர்கள் என்னை விஞ்ஞானி என்பார்கள், நானும் மறுத்ததில்லை. சினிமா மாதிரி காட்டுகிறேன் என்று அக்காவிடம் அளந்துவிட்டேன்.

ஞாயிறு பூசைக்கு மட்டும் கட்டும் சேலையை ஒரு புதன்கிழமை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் எனக்காக வறுத்த நெத்திலி. ஆய்வகத்தில் அதைத் திறக்கக் கூடாது என்றேன், விஞ்ஞானியாக.

அவர் தோட்டத்துத் தூளையே வரவழைத்து, காலையிலேயே சாயம் கலந்து தட்டில் முளைக்க விட்டிருந்தேன். ஒவ்வொரு துகளிலிருந்தும் மெல்லிய குழாய் நீளும். அதற்குள் உயிர்ச்சாறு ஓடும். லேசர் பட்டால் சாயம் ஒளிரும். எங்கள் மிஷின் அந்தக் குழாயை மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காக, கண் இமைப்பதற்குள் வருடிவிடும். அடுக்குகளைச் சேர்த்தால் முழு உருவமும் ஓட்டத்தோடு திரையில் நிற்கும். மெதுவான மிஷினில் அது வெறும் தீற்றல்.

அன்று ஓட்டம் பிரமாதம். அக்கா பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் இன்னும் பளிச்சென்று ஆக்கலாமே என்று லேசரைக் கூட்டினேன். கூட்டிக்கொண்டே, உள்ளே ஆறு மாதிரி ஓடுகிறது என்று விளக்கினேன். வெளிச்சம் அதிகமானால் சாயம் மங்கிவிடும், உயிரணு செத்துவிடும் என்று மாணவர்களை எச்சரிக்கிற அதே வாய். பதிவு செய்யவும் மறந்திருந்தேன்.

அவர் குனிந்து பார்த்தபோது மங்கலாய் ஒரு குழாய், அசையாமல் கிடந்தது.

"இதாடா?"

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாதான் இருக்கு லா."

வேறு தட்டு முளைக்க நேரமாகும். மிஷினுக்கு அடுத்த ஆள் வாசலில் நின்றார்.

பஸ் நிலையத்தில் அக்கா தோழிக்குப் போன் போட்டார். "பாத்துட்டேன்டி. உள்ள ஆறு மாரி ஓடுது. தம்பிதான் காட்டுனான்."

அந்த மாதமே அவர் வேலையை விட்டார். பிறகு நான் ஒழுங்காகப் பதிவு செய்து அனுப்பினேன். பார்த்தாரா என்று கேட்டேன்.

"போன்ல எடமில்ல தம்பி, தொறக்காமலே அழிச்சிட்டேன். அதான் அன்னிக்கே பாத்துட்டேனே."

அன்று அவர் எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல, எப்போதும் ஓடும் என் வாய் ஓடவில்லை.