சீர் காரின் ஹீட் மீட்டர்

வலது காதில் எனக்குச் சரியாகக் கேட்காது. செல்போனை இடது காதில்தான் வைப்பேன். ஏன் என்று யாராவது கேட்டால், காரில் ஹீட் மீட்டர் கெட்டுப்போனதால் என்பேன். சிரிப்பார்கள். நான் சொல்வது பொய்யில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்குக் கல்யாணம். பிறந்தது திருப்பரங்குன்றம்; வாழ்க்கைப்பட்டது சமயநல்லூருக்கு அந்தப் பக்கம், வயற்காட்டுக்கு நடுவில் ஒரு வீட்டில். அப்பா இல்லை, எல்லாம் அண்ணன்தான் செய்தான். மாப்பிள்ளைக்குக் கார் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார்கள். அண்ணன் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சீர்வரிசையோடு நிறுத்தினான். அண்ணனை அவன் என்பது பாசத்தில். என்னைக் கட்டியவரை அவர் என்று எழுதுவது பழக்கதோஷம், மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள்.

வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில், இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரின் முள் ஏறிப்போய்ச் சிவப்புக் கோட்டில் நிற்கும். அது நின்றதும் அவருடைய இடது கை கியரை விட்டுக் கிளம்பும். முதல் அடி கோரிப்பாளையத்தில் விழுந்தது. நல்ல வெயில், நெரிசலில் வண்டி நகரவில்லை. புறங்கையால் காதோடு சேர்த்து அறைந்தார்.

"கொதிக்கிற இன்ஜினத் தலையில கட்டிட்டான் உங்கண்ணன்."

பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது, வீடு போய்ச் சேரும்வரை நிற்கவில்லை.

சமயநல்லூரிலேயே மெக்கானிக் ஒருவர் இருந்தார். என்னைக் கட்டியவர் வண்டியை அங்கே விட மாட்டார். சீரில் வந்த பொருள் பழுதானால் பிறந்த வீடுதான் பார்க்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அண்டா ஓட்டையானாலும் அண்ணன், கிரைண்டர் பெல்ட் அறுந்தாலும் அண்ணன். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். அந்த வீட்டில் மாமியார் உடைத்ததற்கும் என் அண்ணன்தான் வர வேண்டும். ஆகவே முள் ஏறும்போதெல்லாம் அடியை வாங்கிக்கொண்டு, அவரோடு அதே காரில் திருப்பரங்குன்றம் போய் இறங்குவேன்.

அண்ணன் பம்ப்செட் மோட்டார் பிரித்து மாட்டத் தெரிந்தவன். என் வீங்கிய முகத்தைப் பார்ப்பான், ஒன்றும் கேட்காமல் பானெட்டைத் திறப்பான். முள் சரியாகிவிட்டால் தங்கச்சிக்கு அடி விழாது என்று அவன் நம்பினான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு சொட்டுக் குறைந்திருக்காது. ஆவி இல்லை, கொதிக்கும் சத்தம் இல்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, மீட்டர்தான் பொய் சொல்கிறது என்றான். அவர் காறித் துப்பினார். இன்ஜினில் சூட்டை உணர்வதற்குத் திருகியிருக்கும் பித்தளைக் குமிழிலிருந்து அண்ணன் ஒயரைக் கழற்றினான். முள் கீழே விழுந்தது. அப்படியானால் ஒயரில் கோளாறில்லை, குமிழ்தான் போயிருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டான். திரும்பும் வழியிலேயே முள் பழையபடி ஏறியது. அன்று இடுக்கில் என் கை இருக்கும்போதே கார்க் கதவை ஓங்கிச் சாத்தினார். சுண்டுவிரல் நகம் கழன்று வந்தது.

அடுத்த முறை பெட்ரோல் தீர்ந்து நட்டநடு ரோட்டில் வண்டி நின்றது. பெட்ரோல் முள் பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் நான்தான் காரணம். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முன்னால் நடுவில் இருந்த மீட்டர் பலகையில் என் முகத்தை மோதினார். மீட்டர் கண்ணாடிக்கு வெகு அருகில் என் முகம் இருந்தது, மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. அந்த நிலையில்தான் இரண்டு முள்ளையும் சேர்த்துப் பார்த்தேன். ஒன்று இல்லாத சூட்டைக் காட்டியது, இன்னொன்று இல்லாத பெட்ரோலை. இரண்டும் பேசி வைத்துக்கொண்டா பொய் சொல்லும்? இரண்டுக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும்.

அண்ணனிடம் அதைச் சொன்னேன். மீட்டர் பலகையைக் கழற்றினான். பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகரப்பெட்டி. பேட்டரி கரண்டைக் குறைத்து இரண்டு மீட்டருக்கும் அளவாக அனுப்புவது அதன் வேலை. அது கெட்டு, முழுக் கரண்டையும் அப்படியே விட்டுக்கொண்டிருந்தது. டவுனுக்குப் போய் வேறு வாங்கி வந்து மாட்டினான். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. நான் அழுதுவிட்டேன். அம்புட்டு சந்தோஷம். இனி ஏறாது மாப்ள என்றான் அண்ணன். அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

திரும்பும்போது அவர் கை ஓங்காமலே கோரிப்பாளையத்தைத் தாண்டினோம். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். சமயநல்லூரில் ரயில்வே கேட் போட்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை எனக்கு.

"பாத்தீங்களா, எங்கண்ணன் ஏமாத்தல."

இந்தத் தடவை புறங்கை இல்லை, முஷ்டி. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. நான் மீட்டரைத்தான் முதலில் பார்த்தேன். முள் நடுவில் நின்றது. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. சூட்டைக் கண்டு அடிக்கிறார் என்று இத்தனை நாள் நம்பியிருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. மறுபடி கை வந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து, மணிக்கட்டுக்குக் கீழே கடித்தேன். அவர் அலறினார். நாக்கில் ரத்தம் பட்ட பிறகும் விடவில்லை. அது என் உதட்டு ரத்தமா, அவருடையதா என்று தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கி, எதிர்ப்பக்கம் நின்ற மதுரை பஸ்ஸில் ஏறினேன்.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். என் வாயைப் பார்த்ததும் உள்ளே போய் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"மறுபடியும் முள்ளு ஏறிருச்சாம்மா?"

"இல்லண்ணே. முள்ளு நடுவுலதான் நிக்கிது."

பெட்டியைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை.