கோர்வைக்கு ஒரு ஆள்

தணிகாசலம் வேலூர் ஜெயிலிலிருந்து திருந்தி வந்தான். இது கேலியில்லை. உண்மையாகவே, உள்ளும் புறமும் திருந்தி வந்தான். அவனுக்கு வந்த வினையே அதுதான். போன மாதிரியே முரடனாகத் திரும்பியிருந்தால் பிள்ளையார்பாளையத்தில் நாலு பேர் பயந்து ஒதுங்கியிருப்பார்கள், அவனும் எப்படியோ காலத்தைத் தள்ளியிருப்பான்.

போவதற்கு முன்னால் அவன் இருந்த லட்சணம் தெருவுக்கே தெரியும். கோபம் மூக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கும். இழை அறுந்தால் தறியைத் திட்டுவான், சோறு குழைந்தால் தாயைத் திட்டுவான். அவனோடு ஒத்துப்போன ஒரே ஆள் பழனி, பக்கத்து வீட்டு எல்லம்மாளின் ஒற்றைப் பிள்ளை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைத் தனி ஆளாக நெய்ய முடியாது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக, நெய்கிறவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை இழையை ஓட்டுகிற நாடாவைத் தள்ள வேண்டும். தணிகாசலத்துக்கு அப்படி உட்கார்ந்தவன் பழனி. திட்டுக்கெல்லாம் சிரித்தே பதில் சொல்வான்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் ஒரு விடியற்காலை, இரண்டு பேரும் தெருவில் பாவு விரித்துக்கொண்டிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்து, முனையில் முளை அடித்துக் கட்ட வேண்டும். இழுப்பு சரியில்லை என்று தணிகாசலம் வாய்க்கு வந்தபடி ஏச ஆரம்பித்தான். "அப்ப நீயே கட்டிக்கினு போ" என்று சிரித்தபடி பழனி முளையைப் பிடுங்கிவிட்டான். அத்தனை பட்டும் சாக்கடைத் தண்ணீரில் விழுந்தது. முளை அடிக்கிற கொட்டாப்புளி தணிகாசலத்தின் கையில் இருந்தது. ஒரே அடி. தெருவின் மறுகோடியில் இருந்தவர்கள் பனியில் ஒன்றும் தெரியாமல் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடி விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்று கோர்ட்டில் அவனுடைய வக்கீல் சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை. வலி தெரியாமல் போய்ச் சேர்ந்தானே என்று எல்லம்மாளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஏழு வருஷம் கடுங்காவல். ஜெயிலில் அவனைத் துணி நெய்கிற பகுதியில் போட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கோபம் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்கப் பழக்கினார் ஒரு வார்டர். பொய் சொல்லாமல் ஒரு வாரம் இருந்து பார், பிறகு இன்னொரு வாரம் இருந்து பார் என்றும் அவர்தான் சொன்னார். வாரங்கள் வருஷங்களாகி, அது அவன் சுபாவமாகவே ஆகிவிட்டது. நன்னடத்தைக்காகக் கொஞ்ச காலத்தைக் கழித்துவிட்டு அறுபத்தெட்டில் விட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தாய் செத்துப் போயிருந்தாள், தரையைப் பிளந்து எழும்பியிருந்த புற்றுக்குப் பக்கத்தில் பழைய தறி மட்டும் இருந்தது.

தறி இருந்து என்ன, பாவு கொடுக்க ஆள் வேண்டாமா? எந்த முதலாளியும் அவனுக்குப் பிடி கொடுக்கவில்லை. டீக்கடையில் அவனுக்கென்று ஒரு கிளாஸைத் தனியாக வைத்தார்கள். கும்பிட்டுப் பேசினால் நடிக்கிறான் என்றார்கள், பேசாமல் போனால் திமிர் என்றார்கள். தறியில் உட்கார்ந்து ஒரு சேலை நெய்து இறக்கிவிட்டால் மறுபடியும் மனுஷனாகிவிடலாம் என்று அவன் நம்பினான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேசிகன் வந்தார். சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடத் தமிழாசிரியர், நல்ல குரல், அதைவிட நல்ல மனசு. வாசகசாலை ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். சிறைச்சாலை தண்டிக்கவா, திருத்தவா என்பது தலைப்பு. திருத்தவே என்ற அணிக்கு அவர் தலைவர்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்டா தணிகாசலம். மேடையில வந்து உக்காந்தாப் போதும். நடுவர் யார் தெரியுமோ? பட்டு ஜவுளி நமச்சிவாயம். அவர் கண்ணுல நீ பட்டுட்டா உனக்குப் பாவு கெடைச்ச மாதிரிதான்" என்றார்.

தணிகாசலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான். தேசிகன் வெளுத்து வாங்கினார். கோபத்தை விட்டவன், குடியை விட்டவன், பொய்யே பேசாதவன் என்று அவன் தோளில் கை வைத்துக் காட்டினார். எதிரணியில் பேச வந்திருந்த ஒரு வக்கீல் எழுந்தார். "இவரைத் திருத்தி அனுப்பிவிட்டார்கள், சந்தோஷம். செத்தவனை யார் திருத்தி அனுப்பப் போகிறார்கள்?" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். கை தட்டுவதற்கென்றே வந்த ஜனம், யார் பக்கமானால் என்ன? பெண்கள் பக்கத்தில் தூணோரமாக எல்லம்மாள் உட்கார்ந்திருந்ததைத் தணிகாசலம் பார்த்தான். அப்புறம் தலையை நிமிர்த்தவே இல்லை.

திருத்தவே என்று நமச்சிவாயம் தீர்ப்புச் சொன்னார். தணிகாசலத்துக்கு ஒரு கதர்த் துண்டு போர்த்தினார்கள். மறுநாள் காலையில் அந்தத் துண்டோடேயே அவர் கடை வாசலில் போய் நின்றான்.

நமச்சிவாயம் கெட்டிக்காரர். முடியாது என்று சொன்னால் நேற்றைய தீர்ப்பு சந்தி சிரிக்கும். "தாராளமா தர்றேன்பா. ஆனா கோர்வைச் சேலைதான் இப்ப ஓடுது. உம் பக்கத்துல உக்கார ஒரு ஆளைக் கூட்டிக்கினு வா. அன்னிக்கே பாவு எடுத்துக்கினு போலாம்" என்றார். ஒருத்தரும் வர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஒருத்தரும் வரவில்லைதான். தணிகாசலம் வீடு வீடாகப் போய்க் கேட்டான். "எம் புள்ளைய உம் பக்கத்துல உக்கார வெக்கணுமா? ஏன், வீட்ல கொட்டாப்புளி சும்மா கெடக்குதா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அவன் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, "இல்லம்மா, வீட்ல இருந்ததையும் எரிச்சிட்டேன்" என்று நேர்மையாகப் பதில் சொன்னான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. திருந்தியவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு எந்தத் தைரியமும் தேவையில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள், எல்லம்மாள் அவன் வாசலில் வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியிருந்தாள், மகன் போன பிறகு நூல் சுற்றிக் கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோர்வைக்கு ஆள் தேடறியாமே. நான் வரேன்" என்றாள்.

தணிகாசலம் அவள் காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவனைத் தொடவும் இல்லை.

ஊர் வாயடைத்துப் போயிற்று. நமச்சிவாயத்துக்கு வேறு வழியில்லை, அரக்குச் சேலைக்குப் பாவு கொடுத்தார். தேசிகன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாகக் காட்டினார். கொன்றவனும் பறிகொடுத்தவளும் ஒரே தறியில் உட்கார்ந்து ஒரே சேலையை நெய்கிறார்கள்! பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் வந்தது மன்னித்ததால் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். அவளைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதல் சில நாள் எல்லம்மாள் நேரத்துக்கு வந்தாள். நாடாவைச் சரியாகத் தள்ளினாள். தணிகாசலத்துக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு காலை, கால்களைத் தறிக்குழிக்குள் விட்டு உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்:

"நீ பொய்யே பேசறதில்லன்னு மேடையில சொன்னாரே வாத்தியாரு. நெஜமா?"

"ஆமா பெரிம்மா."

"அப்ப சொல்லு. எம் புள்ள உடனே பூட்டானா?"

ஒரே ஒரு பொய் போதும். பழைய தணிகாசலம் யோசிக்காமல் சொல்லியிருப்பான், அவளும் அந்த ஆறுதலோடு செத்துப்போயிருப்பாள். இவன் வாய் அதற்கு வரவில்லை.

"இல்ல பெரிம்மா. கொஞ்ச நேரம் உசுரு இருந்துது. தண்ணி குடுடான்னு கேட்டான்."

"நீ இன்னா பண்ண?"

"நடிக்காதடா, எழுந்து போய் குடின்னேன். பட்டு பூடுச்சேன்னு ஆத்திரம். அவன் மறுபடியும் கேட்டான். நான் நின்னுக்கினே இருந்தேன். அப்பறம் உன்னைக் கூப்பிட்டான். அதோட சரி."

எல்லம்மாளின் கை நாடாவைப் பிடித்தபடியே நின்றது. பிறகு தள்ளினாள். ஜெயிலிலும் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டதில் தணிகாசலத்தின் நெஞ்சுப் பாரம் இறங்கிற்று. அன்றைக்கு அவனுக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் தறியில் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: "நேத்து சொன்னியே, அதை இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னான். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாளும். சொல்லி முடிக்கிறவரை நாடாவைத் தொட மாட்டாள். எதையாவது விட்டுவிட்டால், "எழுந்து போய் குடின்னு சொன்னத உட்டுட்டியே" என்று எடுத்துக் கொடுப்பாள். குரலை உயர்த்தியதே இல்லை. அழுததும் இல்லை. சாபம் விட்டிருந்தால் தாங்கியிருப்பான். அரக்குச் சேலை இறங்கியது, மாம்பழ நிறச் சேலை இறங்கியது, கடையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனோ சோறு இறங்காமல் எலும்பும் தோலுமானான். தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தால் குடிக்காமலே கீழே வைத்துவிடுவான். அவளை வர வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியவில்லை. அவள் வராவிட்டால் தறி இல்லை, தறி இல்லாவிட்டால் மறுபடியும் தனி கிளாஸ். அது மட்டுமல்ல, கேட்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு என்று அவன் மனசே சொன்னது. அந்த மனசை அவனுக்கு உண்டாக்கிக் கொடுத்தது ஜெயில்.

அடுத்த ஆண்டு விழா வந்தது. இந்தத் தடவை இரண்டு பேரையும் மேடையேற்ற வேண்டும் என்று தேசிகன் நேரில் வந்து கேட்டார். "உங்களை மாதிரி ஒரு மனசை நான் எங்கேயும் பார்த்ததில்லம்மா" என்று எல்லம்மாளைக் கும்பிட்டார். "வரோம் சாமி" என்றாள் அவள். அவர் தெருவைத் தாண்டிப் போகிறவரை பொறுத்திருந்துவிட்டு, தணிகாசலம் அவள் பக்கம் திரும்பினான்.

"பெரிம்மா, என்னால முடியல. நாலு அறை அறைஞ்சிடு. வெஷம் வேணா குடு, குடிச்சிடறேன். தெனம் இதைக் கேக்காத."

எல்லம்மாள் அவனை நிதானமாகப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

"நீ உள்ள போனப்ப மாடு கணக்கா போன. அன்னிக்கு உன்னைத் தூக்குல போட்டிருந்தாலும் உனக்கு ஒண்ணும் உறைச்சிருக்காது. எம் புள்ள செத்தது உனக்குப் பட்டு பூடுச்சேன்னுதான் இருந்துது. இப்ப பாரு, படிக்க வெச்சு, புத்தி சொல்லி, மனுசனாக்கி எங்கிட்ட அனுப்பியிருக்காங்க. இப்பதான் உனக்கு வலிக்குது. அந்த ஜெயில்காரங்க நல்லா இருக்கணும்."

"எத்தினி நாளைக்கு பெரிம்மா?"

"அங்க தேதி சொல்லி அனுப்பினாங்க. நான் சொல்லல." அவள் தறிக்குழிக்குள் காலை விட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "ஆரம்பி. தண்ணி குடுடான்னு கேட்டான்."

தணிகாசலம் சொல்ல ஆரம்பித்தான்.