மிக மிருதுவான பிரஷ்

“தாடையில் கரி ஒட்டியிருக்கிறது, எல்லப்பா” என்றேன்.

போன திங்கட்கிழமை, காலை ஏழே கால் மணி. ராயபுரத்தில், ஹார்பருக்குப் போகும் வழியில் இருக்கும் எல்லப்பனின் ஸலூன். கிராப் வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணாடி. கண்ணாடியில் என் தலைக்கு மேலே எல்லப்பனின் முகம். வலது தாடையில் மிளகளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒன்று.

எங்கள் பேட்டையில் இதெல்லாம் ஒரு சேதியா? நிலக்கரிக் கப்பல் வந்து நின்றால், கொடியில் காயும் வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். மூக்கைச் சிந்தினால் கரி. தலையணை உறையில் கரி. முகத்தில் கறுப்பு இல்லாதவனைப் பார்த்தால்தான் வெளியூரா என்று கேட்போம்.

எல்லப்பன் துண்டின் நுனியால் துடைத்தான். போகவில்லை.

“மூணு நாளா தொடைச்சிகினுதான் கீறேன் சார். சோப்பு போட்டுப் பாத்தேன், மண்ணெண்ணெ போட்டுப் பாத்தேன்... போவ மாட்டேங்குது.”

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். மூன்று நாளாகப் போகாத கரியா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தேதி தவறாமல் டயரி எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான்!

கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும். மூன்று வாரத்துக்கு முன், இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில், மூன்று பாட்ஜர் முடி சவர பிரஷ்களை ஒப்பிட்டு எழுதியிருந்தேன். பாட்ஜர் என்பது சீமையில் வளை தோண்டி வாழும் ஒரு பிராணி. அதன் முடி அடியில் வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, நுனியில் மறுபடி வெளுப்பு. தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். நுரை சீக்கிரம் எழும்பும்.

ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒரு வாரம் கொடுத்தேன். ஒரே சோப், ஒரே ரேஸர், ஒரே செம்புத் தண்ணீர். முதலாவது, ஆபீஸில் என் பழைய துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. நுரை அபாரம். ஆனால் நுனி கொஞ்சம் குத்தும். இரண்டாவது, மவுண்ட் ரோடில் வாங்கியது. குத்தாது. ஆனால் அழுத்தினால் நடுவில் துவண்டுவிடும். மூன்றாவது, வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றில் அட்டையில் குத்தித் தொங்கிய கப்பல் சரக்கு. கறுப்புக் கைப்பிடி. ‘பாட்ஜர்’ என்று பொன்னெழுத்தில் முத்திரை. எந்த தேசத்தில் செய்தது என்று எங்கும் போட்டிருக்கவில்லை.

‘இவ்வளவு மிருதுவான பிரஷ்ஷை என் கன்னம் இதுவரை கண்டதில்லை’ என்று எழுதினேன். முதலிடம் அதற்குத்தான் கொடுத்தேன்.

அந்தக் கட்டுரையைக் கத்தரித்து, சோற்றுப் பசையால் தன் கண்ணாடியின் மேல் ஒட்டிவிட்டான் எல்லப்பன். செவ்வாய்க்கிழமை ஸலூனுக்கு லீவு. அன்றே வண்ணாரப்பேட்டைக்கு நடந்து போய், அதே பிரஷ்ஷை வாங்கி வந்துவிட்டான்.

ஆனால் வாங்கிய கையோடு யார் முகத்திலும் அதை வைக்கவில்லை. எல்லப்பனிடம் ஒரு வழக்கம் உண்டு. புது பிரஷ் முதல் இரண்டு வாரம் அவனுடைய முகத்தில்தான் பழக வேண்டும். முடி உதிர்வது, குத்துவது எல்லாம் அடங்கின பிறகுதான் வாடிக்கைக்காரர்களுக்கு. “புது மாட்ட வண்டில கட்னவொடனே சவாரி ஏத்துவியா சார்?” என்பான். அந்தக் கணக்குப்படி, இந்த பிரஷ் கடைக்கு வரவேண்டிய நாள், நான் போய் உட்கார்ந்த திங்களுக்கு அடுத்து வந்த புதன்.

இப்போது மறுபடி அந்த நாற்காலிக்கு வருகிறேன்.

பெஞ்சில் காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். தண்டையார்பேட்டைத் தோல் கிடங்கில் கட்டுப் பிரிக்கிற வேலை. வாய் சும்மா இருக்காது.

“இன்னா மாமு, நாலு புள்ள பெத்தப்புறம் திருஷ்டிப் பொட்டு வெச்சிகினு கீறே? உன் அயகுக்கு யாரு கண்ணு வெக்கப் போறான்?”

“நீதான் வெக்கிறியே பாய், காத்தாலேருந்து!”

காசிம் பாய் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். எல்லப்பனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு... கலையவில்லை. அப்படியே முகத்தில் நின்றுபோனது. அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

கறுப்பைச் சுற்றி ஒரு வளையம். சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள். அதைச் சுற்றி, தாடையே லேசாக உப்பியிருந்தது. அது கரி இல்லை. கரி உப்பாது.

“வலிக்குதா?” என்றார் காசிம் பாய்.

“இல்ல பாய். அத்தான் ஆச்சரியம். மொதல்ல கொசு கட்ச்சா மாரி அரிச்சுது. அப்பால நீர் கட்டிச்சு. அப்பால கறுத்துப்பூட்ச்சு. வலியே கெடயாது.”

“அமுக்கட்டா?”

“அமுக்கு.”

கட்டைவிரலால் அமுக்கினார். நன்றாகவே அமுக்கினார். நகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

“அமுக்கு பாய்” என்றான் எல்லப்பன். “இன்னாத்துக்கு யோசிக்கிறே?”

வெளியே ஜட்கா ஒன்று போயிற்று. ஹார்பரில் ஒரு கப்பல் ஊதிற்று.

காசிம் பாய் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே சதையில் ஒரு பள்ளம். ஓரணா அளவு. உள்ளே தோல் மினுமினுவென்று இருந்தது.

“எனுக்கு கைல வந்துச்சு. எங்கூட கட்டுப் பிரிச்சவனுக்கு கய்த்துல வந்துச்சு. நான் கீறேன். அவன் இல்ல.” சட்டைக் கையை இறக்கிவிட்டார். “மாட்டுக்கு வர்ற அடைப்பான் இது, மாமு. தோல்ல வரும், மயிருல வரும். நீ எங்க கெடங்குக்கு வந்தியா?”

“இல்லியே.”

“ஆடு மாடு அறுத்தியா? கம்பளி கிம்பளி எதுனா தொட்டியா?”

“எனுக்கு இன்னாத்துக்கு கம்பளி, இந்த வேக்காட்ல?”

“அப்போ உன் மூஞ்சிய புச்சா இன்னாதான் தொட்டுது?”

எல்லப்பன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் கண்கள் கண்ணாடியில் மெல்ல மேலே போயின. என் கண்களும் போயின. காசிம் பாயும் திரும்பினார்.

கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில், தலைகீழாக, அந்த பிரஷ் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில்தான் உபயோகித்திருக்கிறான். ஈரம் காயவில்லை. நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழுந்தது. அடுத்தது திரண்டது.

அதற்கு நேர் மேலே என் கட்டுரை. ‘இவ்வளவு மிருதுவான பிரஷ்ஷை...’

என் கை தானாக என் கன்னத்துக்குப் போயிற்று. அன்று காலை, ஆறு மணிக்கு, நானும் அதே ஜாதி பிரஷ்ஷால்தான் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

“ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு” என்றார் காசிம் பாய்.

“வலியே இல்லாததுக்கு ஆஸ்பத்திரியா? ஊரு சிரிக்கும். நாளைக்கி லீவுதானே... நாளைக்கிப் போறேன். சார் தலை பாதில நிக்கிது பாரு.”

“அவனும் நாளைக்கின்னுதான் சொன்னான் மாமு.”

எல்லப்பன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

மூவரும் ஒரே ஜட்காவில் போனோம். என் தலையில் இடது பக்கம் கிராப், வலது பக்கம் காடு. வழியெல்லாம் ஜனங்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எல்லப்பனைப் பார்த்து யாரும் திரும்பக்கூட இல்லை. கன்னத்தில் கரியோடு ஒரு ஆள் போகிறான், அவ்வளவுதானே!

டாக்டர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்: ஆந்த்ராக்ஸ், காசிம் பாய் சொன்ன அதே அடைப்பான். உடனே ஊசி. செவ்வாயன்று எல்லப்பனின் முகம் ஒரு பக்கம் வீங்கி, வலது கண் மூடிக்கொண்டது. ஜுரம் அனலாய் அடித்தது. புதன்கிழமை அவன் மனைவியிடம் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர்கள் ஒன்றும் சொல்லாமல் போவது எனக்குப் பிடிப்பதில்லை.

பிரஷ் கடைக்கு வந்திருக்க வேண்டிய அந்தப் புதனைத்தான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லப்பனுக்கு மட்டும் அந்த வழக்கம் இல்லாமலிருந்தால்? ஹார்பருக்குப் போகிற, ஹார்பரிலிருந்து வருகிற முகமெல்லாம் அந்த நாற்காலியில்தான் உட்காருகின்றன.

திங்களன்றே வீட்டுக்கு வந்து என் பிரஷ்ஷைக் கையில் துணி சுற்றிக்கொண்டு எடுத்தேன். சுடுதண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து அதில் போட்டேன். பத்து நிமிஷத்தில் தண்ணீர் கறுத்துவிட்டது. முடியில் பட்டையும் இல்லை, வெளுத்த நுனியும் இல்லை. எல்லாம் ஒரே அழுக்கு நிறம். பாட்ஜரா அது? குதிரை மயிர்! சாயம் தோய்த்து வேஷம் போட்டிருந்தார்கள்.

பிறகு என் அலமாரியைத் திறந்தேன். பத்திரிகைத் துண்டுகளைத் தேதிவாரியாக, தலைப்புவாரியாக ஒட்டிவைக்கிறவன் நான் என்று உங்களுக்குத் தெரியும். யுத்த காலத்துத் துண்டு ஒன்று கிடைத்தது. சீமையில் பட்டாளத்துக்காரர்கள் சிலருக்கு, சவர பிரஷ்ஷால், முகத்தில் அடைப்பான் வந்த சேதி. போலி முடி, சரியாகச் சுத்தம் செய்யாத முடி என்று விவரம்கூட இருந்தது.

படித்திருக்கிறேன். கத்தரித்திருக்கிறேன். ஓரத்தில் தேதி போட்டிருக்கிறேன். ஒட்டிய இடம்? ‘கால்நடை’ என்ற தலைப்பின் கீழ். அடைப்பான் மாட்டு நோய்தானே என்று! பிரஷ்ஷைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது கால்நடைப் பக்கத்தை எதற்காகப் புரட்டப் போகிறேன்?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். முடியைக் கிருமி சாகும்படி நீராவியில் நன்றாக வேகவைத்தால் அதன் பதம் கொஞ்சம் கெட்டுப்போகுமாம். சற்று முரடாகிவிடுமாம். துரை கொடுத்த பிரஷ் குத்துகிறது என்று குறை எழுதியது ஞாபகம் வந்தது. கன்னத்துக்கு எது சுகம் என்று மூன்று வாரம் பரீட்சை செய்தேன். அந்தச் சுகம் எப்படி வந்தது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. நாம் எல்லோரும் பொருளை இப்படித்தானே வாங்குகிறோம்?

என்னுடையது, எல்லப்பனுடையது, இரண்டு பிரஷ்களையும் கொல்லையில் புதைத்துவிடலாம் என்றிருந்தேன். காசிம் பாய் தடுத்துவிட்டார்.

“பொதைக்காதே சார். அடைப்பான்ல செத்த மாட்டப் பொதச்ச எடத்துல புல்லு மொளைக்கும். வருஷம் கயிச்சி இன்னொரு மாடு வந்து மேயும். அதுவும் பூடும். மண்ணுக்குள்ள அது தூங்கினு இருக்கும் சார்... சாவாது. கொளுத்து.”

கொளுத்தினோம். மயிர் எரிகிற நாற்றம் இரண்டு நாள் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லப்பனுக்கு ஜுரம் இறங்கியது. கண் திறந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். தாடையில் பள்ளம் விழும், காசிம் பாய்க்கு விழுந்தது போல. கட்டிலருகே குனிந்தேன்.

“பிரஷ்ஷ இன்னா பண்ணே சார்?”

“எரித்துவிட்டோம்.”

தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, “ஆனாலும் நல்ல பிரஷ்ஷு சார் அது” என்றான்.

அங்கிருந்து நேராக வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போனேன். திங்களன்றே ஆள் அனுப்பி விற்பனையை நிறுத்தச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் அட்டையைக் கழற்றி எடுத்துவந்தார். டஜன் பிரஷ் கொண்ட அட்டை. ஒன்பது இருந்தன. சுகாதார அதிகாரியிடம் ஒப்படைக்கச் சம்மதித்தார்.

ஒன்பது போக, மூன்று இடம் காலி.

“ஒண்ணு நீங்க வாங்கினது சார். ஒண்ணு அந்த ஸலூன்காரரு. மூணாவது... யாரோ ஒருத்தரு. உங்க பேப்பர கைல வெச்சிகினு வந்தாரு. இதானா அந்த பிரஷ்ஷுன்னு ரெண்டு வாட்டி கேட்டுட்டு வாங்கினு போனாரு.”

“எப்போது?”

“ஸலூன்காரரு வந்து போன மறுநாளு.”

“ஆள் எப்படி இருந்தார்?”

கடைக்காரர் யோசித்தார். “மயமயன்னு சவரம் பண்ண மூஞ்சி சார். வேற ஒண்ணும் நெனப்பு இல்ல.”

ஐயா, நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் என் வாசகர். என் பேச்சை நம்பிக் கடைக்கு நடந்தவர். இந்தப் பக்கத்தையும் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். அந்தக் கறுப்புக் கைப்பிடி பிரஷ்ஷை இனித் தொட வேண்டாம். புதைக்க வேண்டாம். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். கொளுத்திவிடுங்கள். முகத்திலோ கழுத்திலோ கறுப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இருந்தால், அமுக்கிப் பாருங்கள். வலிக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லீவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு ஏன் வரவில்லை? தெரியாது. இனி வராது என்று டாக்டரும் உறுதி சொல்லவில்லை. பழையபடி துரையின் முரட்டு பிரஷ்ஷுக்கே திரும்பிவிட்டேன். தினமும் காலை கண்ணாடி முன் நின்று முகத்தை ஒவ்வொரு இடமாக அமுக்கிப் பார்க்கிறேன்.

இன்று காலை ரேஸர் தவறித் தாடையில் கீறிவிட்டது. சுரீரென்று வலித்தது... அப்பாடா!