தேமா துறைமுகத்துக்கு முப்பத்திரண்டு தையல் மெசின்கள்

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து வந்து கோப்பி குடித்த பிறகு, என்னுடைய நீலச் சுவெற்றரைக் கைவிடுவது என்று முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சுவெற்றரைச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். இடது முழங்கையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பதினொரு குளிர்காலச் சேவையை நான் எடுத்துச் சொன்னேன். என் மனைவி ஜெசிந்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இஞ்சருங்கோ, இது சுவெற்றர் இல்லை, மீன்வலை" என்றார். எதிர்த்தரப்பு விலகிக்கொண்டது. சுவெற்றர் ஒரு நீலப் பிளாஸ்டிக் பையில் போய் விழுந்தது.

அந்தப் பை, எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ்ப் பெண்கள் "ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கு" என்று சேர்த்த பதினான்கு உடுப்பு மூட்டைகளில் ஒன்று. நாற்பத்தெட்டாம் நம்பர் காலணி போடுகிறவனின் சுவெற்றர் எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று நான் கேட்கவில்லை. மூட்டைகள் போவதற்கு ஒரு கொள்கலனும் தயாராக இருந்தது. அதை ஹம்பேர்க் துறைமுகத்துக்கு அனுப்பிவைக்கத்தான் இந்த இரண்டு நாள் பயணம்.

கொள்கலன் அக்கோசுவாவுடையது. கானாவிலிருந்து வந்த குடும்பம், வளர்ந்தது ஹம்பேர்க்கில், தையலில் முறையாக ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தவர். இப்போது கானாவின் துறைமுக நகரான தேமாவில் ஒரு மண்டபம் வாடகைக்கு எடுத்திருக்கிறார். பீலெஃபெல்ட் பக்கம் மூடப்பட்ட ஒரு சேர்ட் தொழிற்சாலையின் முப்பத்திரண்டு தையல் மெசின்களை வாங்கியிருந்தார். அவற்றைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்துக் கொடுத்தவன் ஜெசிந்தாவின் தம்பி ஜெராட்; தையல் மெசின் திருத்துவதுதான் அவன் தொழில். உணவுச்சாலைகளுக்கு உடுப்புக் கொடுக்கும் ஒரு ஜேர்மன் கம்பனி, சமையற்காரர் மேலங்கிக்கு அக்கோசுவாவுக்கு முதல் ஓடரைக் கொடுத்திருந்தது. கப்பல் வெள்ளி புறப்படும். கொள்கலன் வியாழன் பின்னேரம் நான்கு மணிக்குள் துறைமுக வாசலைத் தாண்ட வேண்டும். தவறினால் அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்து. அப்படியானால் ஓடரைப் பழைய இடத்துக்கே கொடுத்துவிடுவோம் என்று கம்பனி மிக மரியாதையாக எழுதியிருந்தது.

ஆபிரிக்கத் துணித்தொழில் பற்றி நான் ஒன்றும் தெரியாமல் கிளம்பவில்லை. அதற்கு முந்தின மாதம் டுசல்டோர்ஃபில் அதன் வளர்ச்சி வாய்ப்புகள் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. மதிய உணவு உண்டு என்று அழைப்பில் போட்டிருந்ததால் தவறாமல் போனேன். பேச்சாளர் திரையில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியைப் போட்டார். ஐம்பத்துச் சொச்சம் நாடுகளும் அந்த ஒரே அம்பில் ஏறிப் போயின. அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை. பருத்தி விளைகிறது. வேலை தேடும் இளம் வயதினர் நிறைய. சீனாவில் கூலி ஏறிவிட்டது. கானாவில் தைத்த உடுப்புத் தீர்வையில்லாமல் ஐரோப்பாவுக்குள் வரலாம். ஒருவர் எழுந்து மின்சாரத்தைப் பற்றிக் கேட்டார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். போகும்போது ஆளுக்கொரு பருத்திப் பை தந்தார்கள். பையின் உள்ளே எங்கே தைத்தது என்று ஒரு சின்னத் துண்டு இருந்தது. ஆபிரிக்கா இல்லை.

இனிப் பயணம். ஜெராட் இந்த நாட்டில் எல்லாம் திருத்துவான். ஏழரை தொன் லொறி மட்டும் ஓட்ட முடியாது. 1999க்கு முன் ஜேர்மனியில் சாரதி அனுமதிப் பத்திரம் எடுத்தவர்களுக்குத்தான் சாதாரணப் பத்திரத்திலேயே அந்த உரிமை. அகதியாக நேரத்தோடு வந்ததில் எனக்கு மிஞ்சிய நிரந்தரச் சலுகை இது ஒன்றுதான். பங்கில் யார் வீடு மாறினாலும் முதல் தொலைபேசி எனக்கு.

புதன் காலை ஆறரைக்கு டுசல்டோர்ஃபில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லொறியை எடுத்தோம். இரண்டு நாள் வாடகை 214 யூரோ. பீலெஃபெல்ட் வரை ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வழியில் ஜெசிந்தா கட்டித் தந்த ரோல்ஸ். பீலெஃபெல்ட் என்றொரு நகரமே இல்லை என்பது ஜேர்மனியர் பல வருடங்களாகச் சொல்லிச் சிரிக்கும் பகிடி. நாங்கள் ஒன்பதே காலுக்குப் போய்ப் பார்த்தோம். நகரம் இருக்கிறது. லொறி நிறுத்த இடம்தான் இல்லை.

தொழிற்சாலை மண்டபத்தை ஏற்கெனவே வேறொருவர் எடுத்துவிட்டார். சுவரில் அளவுக் கோடுகள் கீறியிருந்தன. பாடெல் என்ற பந்து விளையாட்டுக்கு நான்கு களங்கள் வருகின்றன. அதற்கு என்ன உடுப்புப் போடுவார்கள் என்று கேட்டேன். "நல்ல விளையாட்டுடை," என்றார் புதிய வாடகைக்காரர். "இங்கே கிடைக்காது, இணையத்தில் வாங்க வேண்டும்."

மெசின் தலைகளைக் கழற்றி, மேசைகளை அடுக்கி, மதியத்துக்குள் ஏற்றினோம். பிறகு ஜெராட் இடைவெளிகளைப் பார்த்தான். இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் ஊருக்குப் பெட்டி அனுப்பும்போது பெட்டியில் வெற்றிடம் விடுவதில்லை. சப்பாத்துக்குள் சவர்க்காரம் போகும், சவர்க்காரத்தின் பக்கத்தில் சொக்கிலேற் போகும், கேத்தலுக்குள் காலுறை போகும். அரைகுறையாக நிரம்பிய பெட்டியை அனுப்புகிறவரைப் பற்றி ஊரில் கதைப்பார்கள்.

"அத்தான், காத்தை ஏத்திக்கொண்டு போறதுக்கே இவ்வளவு காசு குடுத்தது?" என்றான் ஜெராட். "மூட்டையளை இடையிலை செருகுங்கோ. மெசினும் இடிபடாது, அக்காவுக்கும் புண்ணியம்."

மறுநாள் கொள்கலனுக்கு மாற்றும்போதும் அதே ஒழுங்குதான் என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது. எனக்கும் அது அறிவுள்ள ஏற்பாடாகவே பட்டது.

ஹம்பேர்க் 250 கிலோமீற்றர். பின்னேரம் ஆறு மணிக்குச் சேர்ந்தோம். பெரிய ஸ்டேசன் பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைக்கு அக்கோசுவா வந்தார். அவர் ஜேர்மனில் பேசியதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "ஓம் ஓம்" மட்டும் அவருடையது; ஜெராட்டிடம் பொறுக்கியது. நான் அம்புக்குறியைப் பற்றிச் சொன்னேன்.

"ஓம் ஓம்," என்றார். "அந்த அம்பை யாராவது என் மண்டபத்துக்கு அனுப்பினால் கரண்ட் போகிற நேரம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மாட்டுவேன்."

"அப்ப வாய்ப்பு இல்லையா?"

"இருக்கு. ஆனால் அவர்கள் காட்டின இடத்தில் இல்லை. பருத்தி பக்கத்து நாட்டில் விளைகிறது. கப்பலேறிப் போய்த் துணியாகத் திரும்பி வருகிறது. நூலும் வெளியிலிருந்து. பொத்தானும் வெளியிலிருந்து. வாராவாரம் துறைமுகத்தில் பழைய உடுப்பு பேல் பேலாக, பெருங்கட்டுகளாக இறங்குகிறது. நல்ல சேர்ட், நல்ல ஜீன்ஸ். அந்த விலைக்கு என்னால் ஒரு சட்டைக் கையைக்கூடத் தைக்க முடியாது."

"பிறகு என்ன தைரியத்திலை உந்த மெசினுகளை வாங்கினனீங்கள்?" என்றான் ஜெராட், தன் சொந்த வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டு.

"பேலுக்குள் எல்லாம் இருக்கும், ஜெராட். ஒன்றே ஒன்று இருக்காது. ஒரே நிறத்தில், ஒரே வெட்டில், முப்பது உடுப்பு இருக்காது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹோட்டல் குசினி, எல்லாருக்கும் முப்பது ஒரே மாதிரி வேணும். அங்கேதான் நான் கதிரை போடப் போகிறேன்."

கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் கேட்டதைவிட இது தெளிவாக இருந்தது. கொத்து எட்டரை யூரோ.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு வில்ஹெல்ம்ஸ்பேர்க்கில் ஒரு பொதி ஏற்றும் வளவு. மேடைக்கு வாடகை 120 யூரோ, தூக்கி வண்டியோடு. கொள்கலனைக் கொண்டுவந்த சாரதி, முதல் இரண்டு மணித்தியாலம் சும்மா, பிறகு காத்திருப்புக்குக் காசு என்று அறிவித்துவிட்டுத் தேநீர்க் குடுவையைத் திறந்தார். பதினொன்றே முக்காலுக்கு ஏற்றி முடித்தோம். முப்பத்திரண்டு மெசின்களும், அவற்றுக்கிடையில் பதினான்கு மூட்டைகளும். ஒரு விரல் போக இடமில்லை. ஜெராட் கதவடியில் நின்று படம் எடுத்தான்.

பன்னிரண்டு மணிக்கு அக்கோசுவா வந்தார். முகம் முழுக்கச் சிரிப்போடு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கமிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு, எதையோ வெளியே இழுத்தார். என் சுவெற்றர்.

"இது என்ன?"

"பொல்ஸ்டர்," என்றான் ஜெராட். இடிபடாமல் வைக்கும் மெத்தை.

"இது யாருடையது?"

நான் அந்த வளவின் மறுபக்கத்தில் இருந்த பாரந்தூக்கியின் அமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"பழைய உடுப்பு," என்றார் அக்கோசுவா. குரல் உயரவில்லை. "பழைய உடுப்போடு போட்டி போட நான் மெசின் வாங்கினேன். மெசினைச் சுற்றிப் பழைய உடுப்பு வைத்திருக்கிறீர்கள்."

"அது சும்மா தர்மத்துக்கு..."

"பத்திரத்தில் தையல் மெசின் என்று மட்டும்தான் இருக்கு, ஜெராட். தேமாவில் திறந்து பார்த்து உடுப்பைக் கண்டால் கொண்டெயினர் சுங்கத்தில் நிற்கும். எத்தனை கிழமை என்று எனக்குத் தெரியாது. என் ஓடருக்குத் தெரியும்."

ஜெராட் நேரத்தைப் பார்த்தான். "பாதி உள்ளுக்கை, சுவரோட கிடக்கு. எல்லாத்தையும் இறக்க வேணும். நாலு மணிக்குள்ள ஏலாது."

"ஏலும்," என்றார் அக்கோசுவா. அந்தத் தமிழ்ச் சொல்லை எப்போது பொறுக்கினார் என்று தெரியவில்லை. மேலங்கியைக் கழற்றி லொறிக் கண்ணாடியில் மாட்டினார். முதல் மூட்டையைத் தானே இழுத்து வெளியே போட்டார்.

அடுத்த மூன்று மணித்தியாலம் பற்றி எழுத அதிகம் இல்லை. மேசைகளை இறக்கினோம், மூட்டைகளை உருவினோம், மேசைகளை ஏற்றினோம். மெசின்கள் ஆடாமல் நிற்க ஏதாவது வைக்க வேண்டுமே என்று ஜெராட் கேட்டபோது, வளவுக்காரர் ஒரு பெட்டியைக் காட்டினார். தடித்த கடதாசிப் பைகள். இடைவெளியில் வைத்து, குழாயால் காற்றடித்தால் உப்பி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒன்று ஒன்பது யூரோ. இருபது எடுத்தோம்.

"அத்தான்," என்றான் ஜெராட், குழாயைப் பிடித்தபடி, "காத்தைக் காசு குடுத்து வாங்கி, காசு குடுத்து ஏத்திறம்."

"ஊரிலை சொல்லிப் போடாதையும்," என்றேன்.

காத்திருப்புக் காசு ஏறிக்கொண்டிருந்த கொள்கலன் சாரதி ஒரு கட்டத்தில் தானாக எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். "அடுத்தது என்ன, தண்ணீர் ஏற்றப் போகிறீர்களா?" என்று கேட்டார். யாருக்கும் சிரிக்க மூச்சு இருக்கவில்லை.

மூன்று பத்துக்குக் கதவைப் பூட்டி முத்திரை போட்டோம். பாலத்தில் நெரிசல். அக்கோசுவா எங்கள் லொறியில் ஏறிக்கொண்டார். கொள்கலனுக்குப் பின்னாலேயே போனோம். நடு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் போகும் கதவை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று நாற்பத்தெட்டுக்கு அது வாசலுக்குள் போனது. அதற்குப் பிறகுதான் முழங்காலில் கிடந்த என் சுவெற்றரைக் கவனித்தார். குளிருக்குப் போர்த்தியிருந்தார் போல. திருப்பித் தந்தார்.

"ஆட்களுக்கு உதவி செய்ய வேணும் என்று உங்கள் மனைவி நினைத்தால், ஓடர் தரச் சொல்லுங்கள்," என்றார்.

திரும்பி வரும் 400 கிலோமீற்றரும் பின்னால் பதினான்கு மூட்டைகள்.

"அக்காட்டை நீங்கள் சொல்லுங்கோ," என்றான் ஜெராட்.

"உம்முடைய அக்கா."

"உங்கட மனிசி."

இதே பாதையில் போக நினைப்பவர்களுக்கு: மூன்றரை தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் உண்டு, வாடகையில் அது அடங்குமா என்று முன்பே கேளுங்கள். கொள்கலன் மூடும் நேரத்தைக் கப்பல் புறப்படும் நாளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மெசினின் எண்ணெயை வடித்துவிட்டு ஏற்றுங்கள். பத்திரத்தில் எழுதாத ஒரு கைக்குட்டையைக்கூட உள்ளே வைக்காதீர்கள். வெற்றிடம் இருந்தால் இருக்கட்டும். ஊரார் யாரும் அங்கே வந்து பார்க்கப் போவதில்லை.

ஜெசிந்தாவிடம் நான்தான் சொன்னேன். "முப்பது ஒரே மாதிரி எண்டு சொன்னவவோ?" என்று கேட்டார். ஓகஸ்டில் கேவலார் மாதா திருநாளுக்கு எங்கள் பங்குப் பெண்கள் சமையல் கடை போடுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பது அவருக்கு நெடுநாள் மனக்குறை. அன்றே அக்கோசுவாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "நெஞ்சிலை மாதாவிண்டை பேரைத் தைப்பீங்களோ? நிறம் கடும் நீலம். விலை குறைக்க வேண்டாம், நாள் பிந்த வேண்டாம்."

மே மாதம் தேமாவிலிருந்து காணொளியில் அழைப்பு வந்தது. முப்பத்திரண்டில் இருபத்தொன்பது மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மிச்சம் மூன்றுக்கு ஜெராட் இங்கிருந்தே திருகாணி திருகாணியாக வழி சொன்னான். கம்பனியின் மேலங்கிகள் பிந்தாமல் கப்பலேறிவிட்டன. கம்பனி இரண்டாவது ஓடரும் தந்திருக்கிறது, முதலாவதின் பாதி அளவில். அக்கோசுவா அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். அடுத்த முறை முழு அளவு ஓடரும் எடுப்பாராம். எங்கள் முப்பது ஏப்ரன்களும் ஜூலையில் ஹம்பேர்க்குக்கு வந்து இறங்கின. தையல் நேராக இருக்கிறது.

சுவெற்றரை நான் திரும்ப மூட்டையில் போடாமல் வைத்துக்கொண்டேன். மூட்டைகளைப் பங்கு மண்டபத்தில் வைத்திருக்க இடமில்லை என்று, பழைய உடுப்பு சேர்க்கும் ஒருவரை வரச்சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஒரு வண்டி வந்து பதினான்கையும் ஏற்றிக்கொண்டு ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் போனது.