ஊர் நம்பருக்கு ஒரு பழைய போன்

எங்கள் ஊரில் நாற்பது வீடு இருக்கும். நாற்பது வீட்டுக்கும் போன் நம்பர் ஒன்றுதான். அது என் நம்பர். இதைச் சொன்னால் மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டு ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், உங்களுக்கென்ன. குளித்துக்கொண்டிருக்கும்போது படலைத் தட்டி, "ஓடிபி வந்துச்சா பாரும்மா" என்று உங்களை யாரும் கேட்டதில்லை.

நான் காலேஜ் முடித்து மலைக்குத் திரும்பிய வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போன் நம்பர் கேட்டார்கள். ஜமுனாமரத்தூரைத் தாண்டி எங்கள் பக்கம் உள்ளே வந்துவிட்டால் சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் மட்டும்தான் கிடைக்கும். வரிசையில் முதலில் நின்ற பெரியப்பா, "அந்தப் பொண்ணு நம்பர போட்டுக்கோங்க சார்" என்றார். அடுத்து நின்றவரும் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊரே என் நம்பரில் குடியேறிவிட்டது. நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பிறகு ரேஷன் கார்டு, கேஸ், பேங்க், முதியோர் பணம், நூறு நாள் வேலைக் கூலி என்று எங்கே நம்பர் கேட்டாலும் என் நம்பரையே கொடுத்தார்கள். "நம்ம நம்பரு" என்றுதான் பெயர். சொந்தப் பிள்ளைகள் பிறந்த வருஷம் தெரியாதவர்கள்கூட என் பத்து எண்ணையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். பிள்ளைகள் திருப்பூரில் வேலைக்குப் போய்ப் பெரிய பெரிய போன் வாங்கினார்கள். "அவங்க நம்பருக்கு மாத்திக்கங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தேன். "நீ கீறப்ப எங்களுக்கு இன்னா கவலை?" என்று பதில் வரும். பாசமாகத்தான் சொல்வார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

என்னைப் பெண் பார்க்க சந்தவாசலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை என்ன வேலை, நிலம் எவ்வளவு என்று கேட்க வேண்டிய எங்கள் ஊர்க்காரர்கள், "மாப்ள வூட்ல சிக்னல் நல்லா வருங்களா?" என்று கேட்டார்கள். ஒருவர் இல்லை, நாலு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். என்ன ஊரோ, என்ன பெண்ணோ என்று நினைத்திருப்பார்கள். அதற்காக நான் அழவில்லை. மாப்பிள்ளை ஒன்றும் பெரிய மன்மதன் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இந்த மேட்டை விட்டு இவர்கள் என்னை அசைய விடமாட்டார்கள் என்று தோன்றியது.

போன வருஷம் புளி உலுக்குகிற காலத்தில் வேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. என்னோடு படித்தவள் அங்கே இருந்தாள், அவள் சொல்லித்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தங்க ஹாஸ்டல் உண்டு. பேன் ஓடுகிற அறை, குழாயைத் திறந்தால் தண்ணீர், வாரத்தில் ஒரு நாள் லீவு. ஒரே ஒரு சட்டம், காலையில் கடைக்குள் நுழையும்போது போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். ராத்திரி கடை சாத்தும்போதுதான் கொடுப்பார்கள். அதைக் கேட்டதும் கூட வந்திருந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ சொர்க்கத்தில் இடம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. பகல் முழுக்க என் கையில் போன் இருக்காது!

சேர்வதற்குப் பத்து நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். ஊர் நம்பருக்கு ஒரு வழி பண்ண வேண்டுமே. என் பழைய போன் ஏற்கெனவே சாகக் கிடந்தது. பேட்டரி பூரியாக உப்பி, பின் மூடி திறந்துகொண்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அதனால் ஒரு முடிவு செய்தேன். உழைக்கிற போனாக ஒன்று வாங்குவது. ஊர் சிம்மை அதில் போட்டு அண்ணியிடம் கொடுத்துவிடுவது. அண்ணி என் அண்ணன் மனைவி, எட்டாவது வரை படித்தவள், எங்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு ஒரு பட்டன் போனும் புது நம்பரும் போதும். எல்லோரும் ஆசைக்குப் போன் வாங்குவார்கள். நான் போனிலிருந்து தப்பிக்கப் போன் வாங்கக் கிளம்பினேன்.

மலையிறங்கி, பஸ் மாறி, கண்ணமங்கலம் போனேன். கடைக்காரர் முதலில் புதுப் போன்களைத்தான் எடுத்துப் போட்டார். விலையைக் கேட்டதும் திருப்பித் தள்ளினேன். ஹாஸ்டலுக்கு முன்பணம் கட்ட வேண்டும், இதற்குப் போய் எல்லாவற்றையும் கொட்ட முடியுமா?

"அப்ப ரீபர்பிஷ்டு பாருங்க" என்றார்.

"செகண்டு ஹேண்டுதானே அண்ணா? அதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீஷ் பேரு?"

"அய்யோ, அப்டி இல்லீங்க. செகண்டு ஹேண்டுன்னா ஒருத்தன் குடுத்தத அப்டியே இன்னொருத்தனுக்கு விக்கிறது. இது கம்பெனில பிரிச்சு, கெட்டுப்போனத எடுத்துட்டு, பேட்டரி மாத்தி, டெஸ்ட் பண்ணி வர்றது. ஆறு மாசம் வாரண்டி கீது. ஒரு ஓரத்துல கீறல் இருக்கும், அவ்ளோதான்."

"முன்னாடி வச்சிருந்தவங்களோடது எதனா உள்ள இருக்குமா? போட்டோ, மெசேஜு?"

"ஒண்ணும் இருக்காதுங்க. சுத்தமா துடைச்சாச்சு. இதுக்குப் பழைய ஆளையே தெரியாது."

அவர் போனைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை. யாருடைய பேரும் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய மெசேஜ் இல்லை. எவ்வளவு பேர் கையில் புழங்கியதோ, எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு வேறு ஊரில் புதுசாக உட்கார்ந்திருந்தது. ஒரு போன் மேல் பொறாமைப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பேரம் பேசி, கூட ஒரு கவரும் பிடுங்கிக்கொண்டு வாங்கினேன். பில்லும் வாரண்டிச் சீட்டும் பத்திரமாகப் பையில் போட்டேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் காற்றில் தூக்கம் வந்தது. அவ்வளவு நிம்மதி.

ஊரில் அந்த நிம்மதி ஒரு மணி நேரம் நிலைக்கவில்லை. பழசு என்று தெரிந்ததும் கூடிவிட்டார்கள். புதுசு வாங்காமல் அடுத்தவர் புழங்கினதை ஏன் வாங்கினாய் என்று முதலில் அதட்டல். அப்புறம் பெரியம்மா ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "யாரு வச்சிருந்ததும்மா? செத்தவங்களுதா இருந்தா?"

"கடைக்காரருக்கே தெரியாது பெரிம்மா."

"தெரியாதுன்னா செத்தவங்களுதுதான்."

நான் பின்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வருவதற்குள் போனை மணைமேல் வைத்துச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பெரியம்மா கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு. வேப்பிலையால் தொட்டு மூன்றாவது தடவை தெளித்துக்கொண்டிருந்தாள். ஐயோ என்று கத்திக்கொண்டு ஓடிப் பிடுங்கினேன். "உங்களுக்கெல்லாம் அறிவு கீதா? தண்ணி பட்டா வாரண்டி போய்டும்!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவாடையால் துடைத்தேன், ஊதினேன். நல்ல போன், ஒன்றும் ஆகவில்லை. சார்ஜ் போடுகிற ஓட்டையைச் சுற்றி மட்டும் இன்றைக்கும் மஞ்சள் கறை இருக்கிறது. "தீட்டு கழிஞ்சிடுச்சு, இனிமே எடுத்துக்கோ" என்று பெரியம்மா எனக்கே உத்தரவு கொடுத்தாள்.

அப்போதுதான் சொன்னேன். போன் எனக்கில்லை, உங்களுக்குத்தான், அண்ணியிடம் இருக்கும், நான் வேலூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. "நல்லா இரும்மா" என்றார்கள். ஒரு கிழவர் நூறு ரூபாயை என் கையில் வைத்து அழுத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சுலபமா, இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் வீணாகப் புழுங்கினேனே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தனித்தனியாக. மாட்டுக்குத் தழை ஒடிக்கிற இடத்துக்கு, விறகு பொறுக்குகிற இடத்துக்கு.

முதலில், ஆதார் முகாமில் என் நம்பரைக் கொடுத்த அந்தப் பெரியப்பா. "உங்கண்ணி கைல குடுக்காதம்மா. புளி வித்த காசு பேங்க்ல வுழுந்தா மெசேஜ் வரும். அவ சொல்லிட்டானா எம் பசங்க என்ன நிம்மதியா சோறு துன்ன விட மாட்டானுங்க."

"அண்ணி சொல்ல மாட்டாங்க பெரிப்பா."

"அவ நல்லவதான். ஆனா வாயி நிக்காது. நீதான் இத்தினி வருஷமா ஒரு வார்த்த வெளிய வுட்டதில்ல."

அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். ஒருத்திக்கு ஆஸ்பத்திரி மெசேஜ் வருவது மாமியாருக்குத் தெரியக் கூடாது. ஒருவருக்கு நகைக்கடன் விஷயம் மனைவிக்குத் தெரியக் கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும். படித்துச் சொன்னவளே நான்தானே. வாயை மூடிக்கொண்டு இருந்தது நல்ல குணம் என்று நினைத்தேன். பார்த்தால், அதுவே எனக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. நாலு பேர் விஷயத்தை நாலு பேரிடம் அவிழ்த்துவிட்டிருந்தால் எப்போதோ என்னை விரட்டியிருப்பார்கள். நானும் நிம்மதியாகப் போயிருப்பேன்.

கடைசியில் அண்ணியே வந்தாள். ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, அந்தப் போனு எனக்கு வேணாம்."

"ஏன் அண்ணி? உங்களுக்கு எல்லாம் சொல்லித் தந்துட்டேனே."

"எங்கிட்ட இருந்தா உங்கண்ணன் எடுத்துப் பாப்பாரு. எம்மேல ஒரு அக்கவுண்டு கீதுல்ல."

அதுவும் எனக்குத் தெரியும். தேன் விற்றது, சாமை விற்றது, கூலி என்று சிறுகச் சிறுகப் போட்டு வைத்திருக்கிறாள். மகளை நர்சிங் படிக்க வைக்க. அண்ணன் கண்ணில் பட்டால் அது ஒரே மாதத்தில் சாராயமாகிவிடும்.

"அப்ப நான் இன்னாதான் பண்றது, சொல்லுங்க" என்று துணியைக் கல்லில் ஓங்கி அடித்தேன். தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"நீ போ பாப்பா. உன்ன போவாதேன்னு நான் சொல்வனா? அந்தப் புள்ளைக்கு பீஸ் கட்ற வரைக்கும் மட்டும் இரு. அப்புறம் போய்டு."

இருந்தேன். ஜவுளிக்கடைக்குப் போன் செய்து இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன். ஊர் சிம் அந்தப் போனில், போன் என் மடியில், நான் மேட்டில். பீஸ் கட்டக் கடைசி நாள் அன்று அண்ணியும் மகளும் விடிந்ததும் ஜமுனாமரத்தூர் பேங்குக்குப் போனார்கள். இன்றோடு முடிந்தது, நாளைக்குக் கிளம்பிவிடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

பதினோரு மணிவாக்கில் ஜவுளிக்கடையில் ஆள் சேர்க்கிற மேடம் கூப்பிட்டார்கள். குரலில் சலிப்பு தெரிந்தது.

"இன்னாம்மா, வர்றியா இல்லியா? இங்க ஒரு பொண்ணு எதிர்லயே உக்காந்துட்டிருக்குது. வேலை குடுங்கன்னு காத்தாலேர்ந்து கேட்டுட்டே கீது. நீ இப்பவே ஒரு வார்த்தை சொல்லு."

வர்றேன் மேடம். அவ்வளவுதான், இரண்டே வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. அப்போது போன் அதிர்ந்தது. மேலே மெசேஜ் ஒன்று இறங்கியது. ஆறு எண். அதே நேரம் இன்னொரு அழைப்பும் உள்ளே வந்து டொக் டொக் என்றது. அண்ணிதான், பேங்கில் யாரோ ஒருவருடைய போனை வாங்கிக் கூப்பிடுகிறாள். ஜன்னலில் நின்று தவித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த எண் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும் என்றும் தெரியும்.

முதலில் வர்றேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போயிருக்கலாம். ஒரு நொடி ஆகியிருக்குமா? இன்று வரைக்கும் அதைத்தான் நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன். அன்று யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. என் வாய்தான், அதுவாகவே, இத்தனை வருஷப் பழக்கத்தில் சொன்னது:

"மேடம், ஒரு நிமிஷம் இருங்க. ஓடிபி சொல்லிட்டு வந்துடுறேன்."

சொன்னேன், ஆறு எண்ணையும் இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அண்ணி அந்தப் பக்கம் பேங்க்காரருக்குத் திருப்பிச் சொன்னாள். "வந்துடுச்சு பாப்பா, வந்துடுச்சு" என்று அழுதாள். நான் மறுபடி மேடத்தின் பக்கம் வந்தபோது லைன் அறுந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டேன். நாலாவது தடவை எடுத்தார்கள்.

"அந்தப் பொண்ணையே சேத்துட்டேன்மா" என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.