புறங்கையால் தொட்ட கொடிக்கம்பி

மூன்று வருடம் இருக்கும். ஆடி மாதம். திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு அம்பத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. மனைவியும் ஏழு வயது மகளும் விருதுநகரில். மனைவிக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருந்ததால், கொஞ்ச நாள் இப்படியே ஓட்டுவோம் என்று பேசி வைத்திருந்தோம். கொஞ்ச நாள் என்பது இரண்டு வருடமாகியிருந்தது.

மகள் தினமும் போனில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்பாள். நிஜமாகவே பறக்கிற விமானம் வேண்டும், அதை அப்பாதான் செய்து தர வேண்டும். கடையில் வாங்கித் தருகிறேன் என்றால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

ஃபோம் போர்டு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் வழவழப்பான தாள், நடுவில் தெர்மாகோல் மாதிரி லேசான அட்டை. அதில் இறக்கை வெட்டி, சின்ன மோட்டாரும் பேட்டரியும் வைத்தால் விமானம் பறக்கும். நானும் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்டிய இடமெல்லாம் எலி கடித்தது போலப் பிய்ந்து வந்தது. ஒரு இறக்கை பெரிசு, ஒரு இறக்கை சிறிசு. ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டேன். எழும்பியதும் ஒரு வட்டம் அடித்துவிட்டு மூக்கைத் தரையில் குத்திக்கொண்டது. பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே நிற்க மனசு வரவில்லை.

அப்போதுதான் அந்த மெஷின் என் தலைக்குள் புகுந்தது. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் தானாகவே நகர்ந்து வெட்டித் தருகிற மெஷின். வெளியில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்பதால் நானே செய்துவிடுவது என்று இறங்கினேன். அம்பத்தூரை அடுத்த பாடி பக்கம் ஒரு காயலான் கடையில் பழைய பிரிண்டர்களை உடைத்து மோட்டார்களையும் பெல்ட்டுகளையும் எடுத்தேன். நகர்வதற்கு மேஜை டிராயரில் போடுகிற சேனல். ஜன்னல் செய்கிற கடையில் மிச்சம் விழுந்த அலுமினியத் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சட்டம் அடித்தேன். வெட்டுவதற்கு ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. தையல் மிஷின் ஊசி மாதிரி அது விடாமல் மேலும் கீழும் குத்திக்கொண்டே போகும், போகிற வழியெல்லாம் அட்டை சுத்தமாக அறுந்துகொண்டே வரும்.

இரண்டு மாதம் எனக்கு வேறு உலகமே இல்லை. வேலை முடிந்து ரயிலில் ஏறினால் கண்ணை மூடாமலே கனவு வரும். ஏரிக்கு மேலே வெள்ளையாக ஒன்று மெதுவாகத் திரும்பும், கீழே மகள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஒருநாள் அந்தக் கனவிலேயே திருநின்றவூரைத் தாண்டி வேப்பம்பட்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு அதில் வருத்தம்கூட இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் பறந்துகொண்டிருக்கலாமே என்றுதான் இருந்தது.

கீழ் வீட்டில் ஒரு குடும்பம் குடியிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பாடியில், எரிந்துபோன மோட்டாருக்கு மறுபடி செம்புக் கம்பி சுற்றித் தருகிற ரீவைண்டிங் கடையில் வேலை. திருநின்றவூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளி நிறையத் துணியோடு மாடிக்கு வருவார். மாடியில் துணி காயப்போடுகிற கொடி, கயிறு அல்ல, இரும்புக் கம்பி. ஒரு முனை என் அறை ஜன்னல் கிரில்லில் கட்டியிருக்கும், மறுமுனை தண்ணீர்த் தொட்டித் தூணில்.

அவரிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. கம்பியில் துணியைப் போடுவதற்கு முன்னால் புறங்கையால் அதை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவது போல ஒரே ஒரு தொடல். பிறகுதான் துணி. வாரா வாரம் இதைப் பார்த்து, கம்பிக்கு உடம்பு சரியில்லையா என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். கீழே முன்பக்கம் குடியிருந்த வீட்டுக்கார அம்மா அவரை நேராகவே கிண்டல் செய்வார். அவர் அடுத்த துணியை எடுத்து உதறுவார்.

மெஷின் முக்கால்வாசி முடிந்தபோது ஒரு சின்னத் தொல்லை வந்தது. கரன்ட் கொடுத்துவிட்டு அலுமினியச் சட்டத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று எறும்பு ஊர்ந்தது. கசிகிற கரன்ட்டை மண்ணில் இறக்குகிற எர்த் இல்லையென்றால் அப்படித்தான் இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். என் அறையில் இருந்த பிளக்கில் எர்த்துக்கான ஓட்டை இருந்தது, அதற்குப் பின்னால் ஒயர் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டத்திலிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்து ஜன்னல் கிரில்லில் இறுக்கிச் சுற்றிவிட்டேன். கிரில் சுவருக்குள் போகிறது, சுவர் பூமிக்குள் போகிறது, அப்புறம் என்ன என்று கணக்குப் போட்டேன். அதற்கப்புறம் எறும்பு ஊர்வதும் நின்றுவிட்டது. என்னைப் போல ஒரு கெட்டிக்காரன் உண்டா என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டி லீவு வந்தது. மனைவியும் மகளும் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினை முழுசாக ஓடவிட்டேன். அடுத்தடுத்து நாலு துண்டு வெட்ட வேண்டும். நான் கையே வைக்கக் கூடாது, அதுவாகவே முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ரப்பர் செருப்போடு கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேராகப் போகும்போது மோட்டார் ஒரு சுருதியில் பாடும், வளைவில் வேறு சுருதி. ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. அறுபட்ட வெள்ளைத் தூள் அந்த வெயிலில் மிதந்து, காற்று அடித்தபோதெல்லாம் கதவு வழியாக மாடிக்குப் போனது. எங்கோ ஒரு ரயில் போனது. இறக்கை தன் வளைவோடு, தன் நுனியோடு, அட்டையிலிருந்து மெல்லப் பிரிந்து வந்தது. நான் அறையிலேயே இல்லை. ஏரிக்கு மேலே எங்கோ இருந்தேன்.

வெளியே வாளி விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, நான் எழுந்திருக்கவில்லை. ஆடிக் காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்! கம்பில கரன்ட் வருது! மெயினை ஆஃப் பண்ணு!"

கீழ் வீட்டுப் பெண்ணின் குரல். அதுவரை என்னிடம் "நீங்க" என்று மட்டுமே பேசியவர். எட்டிப் பார்த்தேன். ஈரத் தரையில், வெறுங்காலோடு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். துணியெல்லாம் தரையில் கிடந்தது.

"என் ரூம்ல ஒண்ணும் இல்லீங்க, தெரு லைன்ல ஏதாவது..." என்று நான் ஆரம்பித்தேன். ஆமாம், அப்படித்தான் ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கண் என் ஜன்னலுக்குப் போய்விட்டது. கிரில்லில் சுற்றியிருந்த பச்சை ஒயரைக் காட்டினார்.

"இது இன்னா?"

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மோட்டார் பாட்டு பாதியில் நின்றது. இறக்கையும் பாதியில் நின்றது.

அவர் முதலில் கேட்டது தண்ணீர். குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன், மன்னிச்சிடுங்க என்றேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். தொட்டதோடு கை தானே விலகிவிட்டதாம், ஒரு உதறல்தானாம்.

பிறகு எழுந்து, மெயினை ஒருமுறை தன் கண்ணால் பார்த்துக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில் குந்தினார். பிளக்கிலிருந்து வரும் ஒயர் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். அது அலுமினியச் சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் விரல் நின்றது. ரம்பத்தால் அறுத்த விளிம்பை நான் அரம் போட்டு ராவவே இல்லை. மெஷின் ஆடிய ஆட்டத்தில் அந்த விளிம்பு ஒயரின் தோலை அறுத்து, உள்ளே செம்பு தெரிந்தது. சட்டம் முழுக்கக் கரன்ட், சட்டத்திலிருந்து பச்சை ஒயர், பச்சை ஒயரிலிருந்து கிரில், கிரில்லிலிருந்து கொடிக்கம்பி. எர்த் என்று நினைத்து நான் கட்டியது, கரன்ட்டை அறையிலிருந்து மாடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டிருக்கிறது.

"எர்த்துன்னா மண்ணுக்குள்ள போவணும் சார். இது சொவத்துல சொருவி வச்ச கம்பி, மேல மட்டும்தான் கீது," என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்தான் கேட்டேன், ஏன் எப்போதும் புறங்கையால் தொடுகிறீர்கள் என்று. கடையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்ததாம். உள்ளங்கையால் பிடித்தால் கரன்ட் விரலை மூட வைத்துவிடும், விட நினைத்தாலும் விட முடியாது. புறங்கையில் பட்டால் கை மடங்கி வெளியே வரும். அந்தக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் யாரும் எந்த இரும்பையும் நேராகப் பிடிக்க மாட்டார்களாம். வீட்டுக்கு வந்தாலும் பீரோ, கேட், கொடிக்கம்பி எல்லாவற்றுக்கும் அதே கைதான் முதலில் போகும். கரன்ட்டை நம்புகிற மனுஷனை நம்பக் கூடாது என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

ஈரப் புடவையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக் காயப்போடுகிறவர் வீட்டுக்கார அம்மா. அன்றைக்கு அவர் கோயிலுக்குப் போயிருந்தார். இல்லையென்றால் அவர்தான் முதலில் வந்திருப்பார்.

வீட்டுக்காரர்களிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அறையைக் காலி பண்ணச் சொன்னால் பண்ணிவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன். "இன்னாத்துக்கு? உன்னை வெரட்டிட்டா அடுத்து வர்ற ஆளுக்கும் எர்த்து இல்லாத ரூமுதான?" என்று கேட்டார். அன்று மாலையே வீட்டுக்காரரிடம், மாடி அறையில் எர்த் இல்லை, கம்பியில் ஷாக் அடிக்கிறது, ஒயர் இழுத்தே ஆகவேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார். கரன்ட் எங்கிருந்து வந்தது என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று, வாயைத் திறக்கத் துணிச்சல் இல்லாமல், தலையை மட்டும் ஆட்டினேன். பல நாள் கழித்துத்தான் வீட்டுக்காரரிடம் முழுசாகச் சொன்னேன். அதற்குள் கீழ் வீட்டுப் பெண் வேலை முழுவதையும் முடித்துவிட்டிருந்தார்.

அவர்தான் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். போர்வெல் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்த எர்த் குழியிலிருந்து மாடி வரை ஒயர் ஏறியது. கசிவு வந்தால் தானே அணைத்துக்கொள்கிற ஸ்விட்ச் ஒன்றும் வந்தது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, என் மெஷினில் ஒயர் நுழைகிற இடத்தில் அவரே செருகிவிட்டார். கிரில்லில் கிடந்த பச்சை ஒயரை நான் அவிழ்த்தேன்.

பாதியில் நின்ற இறக்கையை எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வெட்டினேன். இந்தத் தடவை கட்டிலில் ஏறி உட்காரவில்லை. கதவைத் திறந்து வைத்து, மாடியைப் பார்த்தபடி நின்றேன்.

மனைவியும் மகளும் விடிகாலையில் வந்து சேர்ந்தார்கள். ரயிலில் தூங்காமலே வந்த மகள், படி ஏறும்போதே ப்ளேன் எங்கே, ப்ளேன் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தாள். மேஜை மேல் வெள்ளையாக நின்ற விமானத்தைக் காட்டினேன். பார்த்தாள். சந்தோஷத்தில் ஒரு கத்துக் கத்திவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மாடிக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் ஒரு குதி குதித்து, கொடிக்கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தாள்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று மனைவி ஓடிவந்தாள். ராத்திரி தூக்கம் இல்லை என்று சொன்னேன். மகள் தொங்கிக்கொண்டே, "அப்பா, பாருங்கப்பா" என்று சிரித்தாள்.

விமானம் அன்று மாலை ஏரிக்கரையில் நன்றாகவே பறந்தது. மகள் இன்றும் அதைத்தான் பேசுவாள். ஆனால் எனக்குக் கண்ணை மூடினால் வருவது அந்த விடிகாலையில் கம்பியைப் பிடித்து ஆடிய இரண்டு சின்னக் கைகள்தான். அந்தக் கைகள் இன்றைக்கும் என் தோளைப் பிடித்துத் தொங்கும்போதெல்லாம், நான் கவனிக்கத் தவறிய வீட்டில் என் குழந்தைக்காகவும் சேர்த்து கீழ் வீட்டுப் பெண் கவனமாக இருந்திருக்கிறார் என்று நினைத்துக் கண் கலங்குகிறேன்.