அவன் வாய்தான் பிரச்னை

போன மாதம் ஒரு காலையில் தேவா மாஸ்க் போட்டுக்கொண்டு வாக்கிங் வந்தான்.

தேவா எனக்கு எதிர் ஃபிளாட். செம்பாக்கம் ஏரிக்கரையில் இருபது வருஷமாகச் சேர்ந்துதான் நடக்கிறோம். அரசியல், மூட்டுவலி, மாப்பிள்ளைகள்... எல்லாம் பேசிக்கொண்டே நடப்போம். அதாவது, நான் பேசுவேன். அவன் நடப்பான்.

"என்னடா மாஸ்க்?" என்றேன்.

"டஸ்ட்டுடா."

முந்தின நாள் நல்ல மழை. கரை முழுக்கச் சேறு. இதில் டஸ்ட் எங்கிருந்து வரும்? என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் பாக்கெட்டிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து நீட்டினான். எனக்கு சுகர் பார்டரில் நிற்பது அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் சாதம், இட்லியை மொத்தமாக விட்டுவிட்டு, ஒரு வாட்ஸப் வீடியோவை நம்பி முட்டை, பனீர், வேர்க்கடலை என்று வாழ்கிறேன். கொலஸ்ட்ராலுக்கென்று காலையில் வெறும் வயிற்றில் நாலு பல் பச்சைப் பூண்டு வேறு. நாலு கிலோ இறங்கியாச்சு. இப்படிப்பட்டவனுக்கு மிட்டாய் தருகிறானே... நான் இளைப்பது இவனுக்குப் பிடிக்கவில்லையோ?

அப்புறம் பார்த்தால் எல்லாமே மர்மமாக இருந்தது. டீக்கடை பெஞ்சில் நான் இந்தக் கோடி என்றால் தேவா அந்தக் கோடி. மூன்றாவது மாடி மேடம் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நின்றுகொண்டு, "நீங்க லிஃப்ட்ல போங்க சார், நான் படியில வரேன், எக்சர்சைஸ்" என்கிறார். மொத்த பிளாக்கும் என்னை ஒதுக்குகிறதா? ஏன்? யோசித்தேன். அசோசியேஷன் மீட்டிங்கில், தேவாவின் கார் பார்க்கிங் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னது நான்தான். ஆக, பழிவாங்குகிறான்!

ஆதாரமும் கிடைத்தது. அவன் பால்கனிக்குக் கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே தேவா தன் மனைவி மேரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "நல்லவன்தான். ஆனா அவன் வாய்தான் பிரச்னை. வாயைத் திறந்தாலே பக்கத்துல நிக்க முடியல. இதை எப்படிப் போய் சொல்றது?"

சுருக்கென்றது. எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் மனைவியே சொல்வாள். அவளோ மகள் பிரசவத்துக்காக கோவை போய் ஒன்றரை மாதம் ஆகிறது. தினமும் வீடியோ காலில், "இளைச்சு அழகா இருக்கீங்க" என்கிறாள்.

சரி, வாய்தானே பிரச்னை? மூடிவிடுவோம் என்று மௌனவிரதம் ஆரம்பித்தேன். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். டீக்குக்கூட விரலைக் காட்டினேன்.

எட்டாம் நாள் தேவா வரவே இல்லை. "கொஞ்சம் வேலைடா" என்று மெசேஜ். ரிட்டயரான மனுஷனுக்குக் காலை ஆறு மணிக்கு என்ன வேலை? அன்று கரையில் தனியாக நடந்தேன். சொல்வதற்கென்ன, பாதி வழியில் அழுகை வந்துவிட்டது. இருபது வருஷ சிநேகத்தை ஒரு பார்க்கிங் கோட்டுக்காகத் தொலைத்துவிட்டேனே!

நேராகப் போய் அவன் கதவைத் தட்டினேன். திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "தேவா, என் வாய் மோசம்தான். பார்க்கிங் விஷயத்துல அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கடா."

தேவா இரண்டடி பின்னால் போனான். செருப்பு ஸ்டாண்ட் சரிந்தது.

"இன்னா பார்க்கிங்? டேய்... வாய்னா வாய்டா! நாத்தம்டா! ஒரு மாசமா ஒரே பேஜாரா கீது!"

"ஏங்க, மெதுவா சொல்லுங்க" என்றது உள்ளேயிருந்து மேரியின் குரல்.

அவனே பைக்கில் குரோம்பேட்டைக்கு, ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். "மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பி உக்காரு" என்ற நிபந்தனையோடு.

டாக்டர் பல்லையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடறீங்க?" என்றார். பல் டாக்டருக்கு என் சாப்பாடு எதற்கு? சந்தேகத்தோடுதான் சொன்னேன்.

"சாதம், இட்லி மொத்தமா விட்டா உடம்பு கொழுப்பை எரிக்கும் சார். அந்த வாடை மூச்சுல வரும். பூண்டு ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா வரும், எவ்வளவு பிரஷ் பண்ணாலும் போகாது. படுத்தா எதுக்களிக்குதா?"

"ஆமாம் டாக்டர். சாப்பிட்ட உடனே படுத்துடுவேன்."

"அதுவும் சேர்ந்துக்கும். ஆனா கடைசி வாரம் மட்டும் ஏன் ரொம்ப மோசம்னு உங்க ஃபிரெண்ட் சொல்றார்?"

மௌனவிரதத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "எச்சில்தான் சார் வாயைக் கழுவுற தண்ணி. பேசாமலே இருந்தா எச்சில் குறைஞ்சு வாய் காயும், நாத்தம் கூடும். நல்லா பேசுங்க!"

தேவாவைத் திரும்பிப் பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

நாம் விசித்திரமானவர்கள். முன்பின் தெரியாதவரிடம் சம்பளம் கேட்போம், சுகர் எவ்வளவு என்று கேட்போம். சட்டையில் டேக் தொங்கினால் பின்னாலிருந்து இழுத்தே விடுவோம். இதை மட்டும் சொல்ல மாட்டோம். மாஸ்க் போடுவோம், மிட்டாய் நீட்டுவோம், மூன்று மாடி ஏறுவோம்!

இப்போது அளவாகச் சாதம் உண்டு. பூண்டு ரசத்தில் மட்டும். "இனிமே எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடணும்" என்று தேவாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நேற்று காலை, மறுபடியும் மாஸ்க்கோடு வந்தான். சட்டென்று இரண்டடி தள்ளி நின்றேன்.

"மறுபடியும் நானாடா?"

"இல்லடா. நேத்து வூட்ல கருவாடு. இது உனக்காகப் போட்டது."

நெகிழ்ந்துபோனேன். அவன் முன்னால் நடக்கட்டும் என்று காத்திருந்து, உள்ளங்கையில் ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொண்டேன்.